ஒரே பெட்டியில் நாலு டிஸ்க்: வசதி வேறு, பாதுகாப்பு வேறு

(பாகூர் பகுதியில் பொது சேவை மையம், ஸ்டுடியோ, கம்ப்யூட்டர் மையம் நடத்துவோரும் மகளிர் குழுக் கணக்கு எழுதுவோரும் கலந்துகொண்ட கூட்டத்தில், கரையாம்புத்தூரில் ஸ்டுடியோவும் கம்ப்யூட்டர் மையமும் நடத்தும் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



என்னை மேடையில் பேசக் கூப்பிட்டபோது, "எனக்கு மேடைப் பேச்சு வராதுங்க, கடையில் பேசுற மாதிரி பேசினால் போதுமா?" என்று கேட்டேன். "அதுதான் வேண்டும்" என்றார்கள். அதனால் கடைப் பேச்சாகவே பேசுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே இருக்கிற எல்லோரிடமும் ஒரு பொதுவான சாமான் இருக்கும். அதுதான் ஹார்ட் டிஸ்க். ஆரம்பத்தில் ஒன்று வாங்குவோம். அது நிறைந்ததும் இன்னொன்று. அப்புறம் பழைய கம்ப்யூட்டரைக் கழற்றும்போது அதிலிருந்து ஒன்று. இப்படி மேசை இழுப்பறையில் நாலு, அஞ்சு சேர்ந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒயர், ஒரு அடாப்டர். எதில் எது இருக்கிறது என்று நமக்கே தெரியாது. ஆள் வந்து கேட்டால் ஒவ்வொன்றாக மாட்டி மாட்டித் தேட வேண்டும்.

இதற்கு வந்ததுதான் நாலு டிஸ்க் போடுகிற பெட்டி. நாலையும் உள்ளே தள்ளிவிட்டால் ஒரே அடாப்டர், ஒரே யூ.எஸ்.பி ஒயர், ஒரே சுவிட்ச். பின்னால் ஒரு சின்ன ஃபேன். மேசை சுத்தமாகிவிடும். நானும் வாங்கினேன். நல்ல பொருள், குறை சொல்ல வரவில்லை. ஆனால் அதை வாங்கும்போது எனக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. அதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலையை நீங்கள் கொடுக்க வேண்டாம் என்றுதான் இன்று வந்திருக்கிறேன்.

என் கடையில் நடந்தது

என் பெட்டியில் இருந்தது இதுதான். முதல் டிஸ்கில் போட்டோ. இரண்டாவதில் கல்யாண வீடியோ. மூன்றாவதில் முதல் டிஸ்கின் காப்பி. நாலாவதில் கடைக் கணக்கு, மற்ற ஃபைல்கள். "காப்பி போட்டு வைத்திருக்கிறேன், எனக்கென்ன பயம்" என்று தைரியமாக இருந்தேன்.

ஒருநாள் கரண்டு போய் வந்தது. மேசைக்கு அடியில் குனிந்து அடாப்டரை மாட்டினேன். நான் எடுத்தது பெட்டியின் அடாப்டர் இல்லை, லேப்டாப்பின் அடாப்டர். பெட்டிக்கு வேண்டியது 12 வோல்ட். லேப்டாப் அடாப்டர் தருவது 19 வோல்ட். ஆனால் முனை அளவு ஒன்று, அழகாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு 'டிக்' சத்தம். கருகின வாசனை. அவ்வளவுதான். பெட்டியும் போனது, உள்ளே இருந்த நாலு டிஸ்கும் ஒரே நொடியில் போனது.

பெரிய ஹார்ட் டிஸ்குக்கு 5 வோல்ட், 12 வோல்ட் என்று இரண்டு கரண்டும் வேண்டும். பல பெட்டிகளில் அடாப்டரிலிருந்து வருகிற 12 வோல்ட் அப்படியே டிஸ்குக்குப் போகும். நடுவில் தடுப்பு கிடையாது. டிஸ்கின் பச்சைப் பலகையில் மிகை மின்னழுத்தத்தைத் தாங்கிக்கொள்ள ஒரு சின்ன டயோடு இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் அது மட்டும் கருகி, மற்றதைக் காப்பாற்றும். சென்னைக்கு எடுத்துப்போய்க் காட்டினேன். இரண்டாவதும் நாலாவதும் அந்த டயோடு புண்ணியத்தில் பிழைத்துக்கொண்டது. முதலாவதும் மூன்றாவதும் பிழைக்கவில்லை. போட்டோ இருந்த டிஸ்கும் போச்சு, அதன் காப்பி இருந்த டிஸ்கும் போச்சு.

காப்பி எடுத்தேன், அதில் தப்பில்லை. காப்பியை அதே பெட்டிக்குள் வைத்தேன். அதுதான் தப்பு.

அது நடந்து ரெண்டு மாசம் கழித்து, எங்கள் தெருவில் ஒரு மாமா தவறிவிட்டார். அந்த அக்கா கடைக்கு வந்தாங்க. "தம்பி, பொண்ணு கல்யாணத்துல அவரு சிரிச்ச மாதிரி ஒரு படம் எடுத்தியே, அதைப் பெருசு பண்ணிக் குடுப்பா" என்றாங்க. அந்தப் படம் முதல் டிஸ்கில் இருந்தது. என்ன சொல்வது? "இல்லைக்கா, டிஸ்க் எரிஞ்சு போச்சு" என்றேன். அவங்க சண்டை போடவில்லை. "அப்படியா" என்று சொல்லிவிட்டு, அடையாள அட்டையைக் கொடுத்து, "அப்ப இதுல இருந்து எடுத்துக் குடு" என்றாங்க. அடையாள அட்டைப் படம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மூன்று நாள் அந்தப் படம்தான் மாலை போட்டுத் திண்ணையில் இருந்தது.

அப்புறம் கருமாதிக்கு வந்த பொண்ணு, வில்லியனூரில் மாமியார் வீட்டில் இருந்த கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது. அதில் அந்தப் படம் இருந்தது. அதை ஸ்கேன் பண்ணிப் பெரிசாக்கிக் கொடுத்தேன். அந்தப் படத்தைக் காப்பாற்றியது என் நாலு டிஸ்க் பெட்டி இல்லை, பத்து மைலுக்கு அந்தப் பக்கம் அலமாரியில் இருந்த ஒரு ஆல்பம். நான் சொல்ல வந்த விஷயம் முழுக்க இதற்குள்ளேயே இருக்கிறது.

பெட்டி எதைப் பொதுவாக்குகிறது?

நாலு டிஸ்கை ஒரு பெட்டியில் போடும்போது நாலு விஷயம் பொதுவாகிறது.

முதலாவது, கரண்டு. ஒரு டிஸ்க் சுழல ஆரம்பிக்கும் அந்த நொடியில் 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். ஓடும்போது அதில் கால்வாசி போதும். நாலும் ஒன்றாகக் கிளம்பினால் 8 ஆம்பியர். நல்ல பெட்டி ஒவ்வொன்றாகக் கிளப்பும். மட்டமான அடாப்டர் திணறும், டிஸ்க் பாதியில் நின்று நின்று கிளம்பும். அப்படி அடிக்கடி நடந்தால் டிஸ்க் கெடும். பெட்டியோடு வந்த அடாப்டரைத் தவிர வேறு எதையும் மாட்டாதீர்கள். இன்றைக்கே வீட்டுக்குப் போய் எல்லா அடாப்டரிலும் வெள்ளை டேப் ஒட்டி, எது எதனுடையது, எத்தனை வோல்ட் என்று எழுதுங்கள். அஞ்சு நிமிஷ வேலை. நான் செய்யாத வேலை.

இரண்டாவது, ஒயர். பாகூர் ஏரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மதகு எவ்வளவு விடுகிறதோ அவ்வளவு தண்ணீர்தான் வயலுக்கு வரும் இல்லையா? அதே கணக்குதான். யூ.எஸ்.பி 3.0 ஒயரில் நடைமுறையில் நொடிக்கு 400 எம்.பி. போகும். ஒரு டிஸ்க் தனியாக 150 எம்.பி. தரும். நாலும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் ஆளுக்கு 100தான் கிடைக்கும். அது போதும், குறையில்லை. ஆனால் பெட்டியைப் பழைய 2.0 ஓட்டையில் மாட்டினால் மொத்தமே 35 எம்.பி.தான். 1 டி.பி. காப்பி எடுக்க எட்டு மணி நேரம் ஆகும். 3.0இல் இரண்டு மணி நேரம். பல கம்ப்யூட்டர்களில் 3.0 ஓட்டைக்குள் நீல நிறம் இருக்கும். பார்த்து மாட்டுங்கள்.

மூன்றாவது, சூடு. ஒன்றுக்கு ஏழெட்டு வாட் என்று வைத்தால் நாலு டிஸ்க் என்பது எரிகிற ஒரு சின்ன குண்டு பல்பு மாதிரி. சித்திரை, வைகாசியில் தகர ஷெட்டுக்குக் கீழே கடை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், ஃபேன் பக்கம் ஒரு கை இடம் விடுங்கள். மாதம் ஒருமுறை தூசி தட்டுங்கள். டிஸ்க் எவ்வளவு சூடு என்று காட்டுகிற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. 45 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. 55ஐத் தாண்டினால் நிறுத்தி ஆற விடுங்கள்.

நாலாவது, மூளை. பெட்டிக்குள் ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. அதுதான் டிஸ்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் மொழிபெயர்க்கிறது. சில பெட்டிகள் தங்களுக்கே உரிய முறையில் எழுதிவைக்கும். பெட்டி கெட்டுப்போய், டிஸ்கை எடுத்து வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால், "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கும். டிஸ்க் நன்றாக இருக்கும், ஆனால் படிக்க முடியாது. அந்தக் கேள்விக்கு மட்டும் யாரும் 'சரி' என்று அழுத்திவிடாதீர்கள்.

அதனால் பெட்டி வாங்கிய அன்றே ஒரு பரீட்சை வையுங்கள். காலி டிஸ்கில் நாலு போட்டோ போடுங்கள். டிஸ்கைக் கழற்றி, பெட்டி இல்லாமல் வேறு கம்ப்யூட்டரில் நேராக மாட்டுங்கள். படம் திறந்தால் பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள். திறக்கவில்லை என்றால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பின்னால் இருக்கும் சின்ன சுவிட்ச்

சில பெட்டிகளின் பின்னால் குட்டி குட்டியாக இரண்டு மூன்று சுவிட்ச் இருக்கும். அதற்கு 'ரெய்டு' என்று பெயர். இது வந்து கிட்டத்தட்ட நாற்பது வருஷம் ஆகிறது. 1988இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூன்று பேர் எழுதிய கட்டுரையில் இந்தப் பெயர் பிரபலமானது. விலை குறைந்த சின்ன டிஸ்குகள் பலவற்றைச் சேர்த்து, விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்கின் வேலையை வாங்கலாம் என்பதுதான் அவர்கள் சொன்னது.

நாலு டிஸ்க், ஒவ்வொன்றும் 4 டி.பி. என்று வைத்துக்கொள்வோம்.

சுவிட்சை '0' என்ற முறையில் வைத்தால் நாலும் சேர்ந்து ஒரே 16 டி.பி. டிஸ்காகத் தெரியும். வேகமும் அதிகம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு ஃபைலும் துண்டு துண்டாக நாலிலும் கிடக்கும். நாலில் எது போனாலும் நாலும் போன மாதிரி. நம்ம மாதிரி ஆட்களுக்கு இது வேண்டாம்.

'1' என்பது கண்ணாடி. ஒன்றில் எழுதுவது இன்னொன்றிலும் எழுதப்படும். ஒரு டிஸ்க் போனால் இன்னொன்று இருக்கும். '5' என்பது 12 டி.பி. இடம் தரும், ஏதாவது ஒரு டிஸ்க் போனால் தாங்கும். ஆனால் புது டிஸ்க் போட்டுப் பழையபடி கட்டி எழுப்பப் பல மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் மீதி மூன்றும் மூச்சு முட்ட ஓட வேண்டும். எல்லாமே ஒரே நாளில் வாங்கிய டிஸ்க் என்றால், ஒன்று போன நேரத்தில் இன்னொன்றும் தள்ளாடிக்கொண்டுதான் இருக்கும்.

இன்னொரு முறை, ஒவ்வொரு டிஸ்கும் தனித்தனியாகத் தெரிவது. நம்ம ஊர்க் கடைகளுக்கு இதுதான் நல்லது. ஒன்று போனால் ஒன்றோடு போகும். கழற்றி எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம்.

கவனிக்க வேண்டியது, டிஸ்க் உள்ளே இருக்கும்போது அந்தச் சுவிட்சைத் தொடாதீர்கள். முறை மாற்றினால் உள்ளே இருப்பது அழிந்துபோகும். குழந்தைகள் வந்துபோகும் கடை என்றால் மேலே ஒரு டேப் ஒட்டுங்கள்.

ரெய்டு என்பது காப்பி இல்லை. நீங்கள் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் கண்ணாடியிலும் அதே நொடியில் அழியும். வைரஸ் வந்து ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டால், மாட்டியிருக்கிற எல்லா டிஸ்கையும் சேர்த்துத்தான் பூட்டும். டிஸ்க் கெட்டால் ரெய்டு காப்பாற்றும். பெட்டி எரிந்தாலோ, திருடு போனாலோ, தண்ணீரில் மூழ்கினாலோ ரெய்டுக்கு ஒன்றும் செய்ய முடியாது.

பெரிய இடத்திலும் நடந்ததுதான்

"நீ ஏதோ அடாப்டரை மாத்திக் குத்திட்ட, எல்லோருமா அப்படிச் செய்வாங்க?" என்று நினைக்கலாம். 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் டேஜான் நகரில், அரசாங்கக் கம்ப்யூட்டர்கள் இருக்கிற மையத்தில் தீப்பிடித்தது. யூ.பி.எஸ் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்தபோது வந்த தீ. 709 அரசு கம்ப்யூட்டர் அமைப்புகள் நின்றுபோயின. அரசு ஊழியர்கள் தங்கள் அலுவலக ஃபைல்களை வைத்திருந்த ஒரு சேமிப்பகம், 858 டி.பி., அதில் போய்விட்டது. வெளியே காப்பி இல்லை. அளவு ரொம்பப் பெரிது என்று எடுக்காமல் விட்டிருந்தார்கள். கம்ப்யூட்டரில் அவ்வளவு முன்னேறிய நாடு. அவர்கள் செய்த தப்பும் நான் செய்த தப்பும் ஒன்றுதான்.

நம்ம பக்கம் தீயைவிடத் தண்ணீர்தான் பயம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அது வடிவதற்குள் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து, பாகூர் பகுதியில் ஆற்றங்கரை ஊர்களுக்குள் புகுந்தது. தரையில் வைத்த கம்ப்யூட்டர், மேசைக்கு அடியில் வைத்த பெட்டி எல்லாம் என்ன ஆகும் என்று அன்றைக்கு நிறைய பேர் பார்த்தோம். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோதும் கரண்டுக்காக நாள்கணக்கில் காத்திருந்தோம். இது அடிக்கடி வருகிற விருந்தாளி. வராது என்று இருக்க முடியாது.

அப்போ என்ன செய்வது?

மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒரு கணக்கு இருக்கிறது. பீட்டர் குரோக் என்ற போட்டோகிராபர், நம்ம தொழில்காரர், சொன்னது. எந்த ஃபைலாக இருந்தாலும் மூன்று பிரதி. இரண்டு வகையான இடத்தில். ஒரு பிரதி ஊருக்கு வெளியே.

இது நமக்குப் புதுசு இல்லை. நம்ம பாகூருக்கே ஒரு செப்பேடு உண்டு. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்த சாசனம். செப்பேடு என்றால் தகடுகளை ஒரே வளையத்தில் கோத்து முத்திரை போட்டுவிடுவார்கள். நம்ம பெட்டி மாதிரிதான், எல்லாம் ஒரே இடத்தில். ஆனால் அந்தக் காலத்து ராஜாக்கள் தங்கள் ஆணையைக் கல்லிலும் வெட்டு, செம்பிலும் வெட்டு என்று சொல்வது வழக்கம். செம்பு ஒருவர் கையில் இருக்கும், கல் கோயில் சுவரில் இருக்கும். ஒன்று போனால் இன்னொன்று.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். பெட்டி இன்னமும் இருக்கிறது. வேலை நடப்பது அதில்தான். தினமும் கடை சாத்தும்போது அன்றைய வேலையைத் தனியாக ஒரு சின்ன டிஸ்கில் காப்பி எடுத்து, ஒயரைக் கழற்றி, வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பரண் மேல் டப்பாவில் வைக்கிறேன். மாதம் ஒருமுறை இன்னொரு டிஸ்க் வில்லியனூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் கடைக்குப் போகும், அவருடைய டிஸ்க் என்னிடம் வரும். கைமாத்து மாதிரி. நாங்கள் தென்பெண்ணைப் பக்கம், அவர் சங்கராபரணிப் பக்கம். இரண்டு ஆறும் ஒரே நாளில் பெருகலாம், அதனால் இரண்டு பேருமே மாடியில்தான் வைக்கிறோம். இரண்டு டிஸ்கும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியவை. அவர் என் வாடிக்கையாளர் படத்தைப் பார்க்க முடியாது, நானும் அவருடையதைப் பார்க்க முடியாது. பாஸ்வேர்டை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வீட்டம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். நமக்கு ஏதாவது ஆனால் யாருக்காவது தெரிய வேண்டுமே.

வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜையன்று எல்லாச் சாமானையும் துடைத்துப் பொட்டு வைப்போம் இல்லையா, அன்றைக்கு எல்லா டிஸ்கையும் மாட்டி, நாலு ஃபைல் திறந்து பார்க்கிறேன். திறந்து பார்க்காத காப்பி, காப்பி இல்லை.

கடைசியாக, பொது சேவை மையம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எதைக் காப்பாற்றுவது என்பதைப் போலவே எதை வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் முக்கியம். சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வந்தவர்களின் ஆதார், குடும்ப அட்டை, பேங்க் பாஸ்புக் நகல்கள் வருஷக்கணக்காக நம்ம டிஸ்கில் கிடக்கக் கூடாது. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வாங்கிய வேலை முடிந்தால் அழித்துவிட வேண்டும் என்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் அது நம்பிக்கை சம்பந்தப்பட்டது. ஆவணம் பத்திரமாக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அவர்கள் பெயரிலேயே டிஜிலாக்கர் கணக்கு திறந்து, எப்படி எடுப்பது என்று சொல்லிக்கொடுங்கள். 2015இலிருந்து இருக்கிற அரசு சேவை, செலவு இல்லை. பழைய டிஸ்கைக் காயலான் கடைக்குப் போடும்போதும் முழுதாக அழித்துவிட்டுப் போடுங்கள்.

ஒரு அண்ணன் கேட்டார்: "இவ்வளவு டிஸ்க் வாங்க வருமானம் வேண்டாமா தம்பி?" நியாயமான கேள்விதான். எல்லாவற்றையும் மூன்று பிரதி எடுக்க முடியாது. நானும் எடுப்பதில்லை. எது போனால் திரும்ப வராதோ, அதை மட்டும் முதலில் பிரியுங்கள். சினிமாப் பாட்டு போனால் மறுபடி கிடைக்கும். குழுக் கணக்கு போனால் குழுவில் சண்டை வரும். செத்துப்போனவர் சிரித்த படம் போனால் மறுபடி எடுக்க முடியாது. அந்தக் கடைசி ரெண்டுக்கும் ஒரு பழைய சின்ன டிஸ்கே போதும்.

அந்த அக்கா வீட்டுச் சுவரில் அந்தப் படம் இப்போதும் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்ப்பேன். பார்த்துவிட்டு, இந்த மாதக் காப்பி வில்லியனூருக்குப் போயிற்றா என்று யோசிப்பேன். நீங்களும் இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்கள் பெட்டியில் இருக்கும் காப்பியை வெளியே எடுத்து, வேறு ஒரு இடத்தில், தரைக்கு மேலே வையுங்கள்.